இரவல் வாங்கிப் படி என்கிறது நீதிமன்றம்

நூலகத்தில் தேடிய புத்தகம் கிடைக்கவில்லையா? இணையத்தில் தருவித்துக்கொள்ளலாம், கடையில் வாங்கலாம், நண்பரிடம் இரவல் கேட்கலாம். அமெரிக்காவின் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மே 23 அன்று, டெக்சாஸ் மாநிலத்தின் லானோ கவுண்டி வாசகர்களுக்குச் சொன்ன பதிலின் சாரம் இதுதான். பத்து நீதிபதிகள் ஒருபக்கம், ஏழு பேர் மறுபக்கம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்டூவர்ட் கைல் டங்கன். யாரும் புத்தகத்தைத் தடை செய்யவும் இல்லை, எரிக்கவும் இல்லை, எல்லோரும் மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள் என்று எதிர்த்தரப்புக்குப் புத்திமதியும் சொல்லியிருந்தார். அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுக்க மறுத்துவிட்டது. ஆக, டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி ஆகிய மூன்று மாநிலங்களில் இன்று இதுவே சட்டம்.

இது எங்கோ நடந்த வழக்கு, நமக்கென்ன என்று விட முடியவில்லை. அங்கே அலமாரியிலிருந்து எடுக்கப்பட்ட 17 புத்தகங்களில் ஒன்று, இசபெல் வில்கர்சன் எழுதிய ‘காஸ்ட்’. அமெரிக்கக் கறுப்பினத்தவர் நிலையையும் இந்தியச் சாதியையும் நாஜி ஜெர்மனியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நூல். அம்பேத்கரை அமெரிக்கப் பொதுவாசகரிடம் கொண்டுபோய்ச் சேர்த்த நூல். இன்னொரு காரணமும் உண்டு. நன்றாகப் படித்தவர்கள், மேடையில் கருத்துச் சுதந்திரம் பேசுகிறவர்கள்கூட இதே வாதத்தைத் தமிழில் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: “நூலகத்திலிருந்துதானே எடுத்தார்கள், தடையா செய்துவிட்டார்கள்?” நீதிபதி டங்கனின் தீர்ப்பு அந்த வாதத்தின் மிக வலுவான வடிவம். அதனால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

லானோ, சுமார் 21,000 பேர் வாழும் சின்ன கவுண்டி. மூன்று பொது நூலகங்கள். 2021 அக்டோபரில் டெக்சாஸ் சட்டமன்ற உறுப்பினர் மேட் கிராஸ் ஏறத்தாழ 850 தலைப்புகளைப் பட்டியல் போட்டு, இவற்றில் எவையெவை உங்களிடம் உள்ளன என்று பள்ளிக்கூடங்களைக் கேட்டிருந்தார். அந்தக் காய்ச்சல் லானோவுக்கும் வந்தது. ஆபாசக் குப்பை என்று சிலர் பட்டியல் அனுப்ப, அதிகாரிகள் அசைந்து கொடுத்தார்கள். நூலக ஆலோசனைக் குழுவைக் கலைத்துவிட்டுப் புதிய குழுவை அமைத்து, அதில் புகார் சொன்னவர்களையே உட்கார வைத்தார்கள். புத்தகத்தை எடுக்க மறுத்த ஒரு கிளையின் நூலகர் வேலையை இழந்தார்.

எடுக்கப்பட்டவை எவை? குழந்தைகள் சிரிப்பதற்காக எழுதப்பட்ட, வயிற்றுக் காற்றையும் பின்புறத்தையும் பற்றிய சில படப் புத்தகங்கள். மாரிஸ் செண்டாக் 1970இல் வரைந்து எழுதிய ‘இன் தி நைட் கிச்சன்’. கனவில் பறக்கும் பொடியன் உடையில்லாமல் இருக்கிறான் என்பது அதன்மேல் குற்றச்சாட்டு. வளரிளம் பருவத்தினருக்கு உடலைப் பற்றிச் சொல்லித்தரும் ராபி ஹாரிஸின் ‘இட்ஸ் பெர்ஃபெக்ட்லி நார்மல்’. திருநங்கையான ஜாஸ் ஜென்னிங்ஸ் தன் வாழ்க்கையைச் சொன்ன புத்தகம். கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை நிறவெறிக் கும்பலின் வரலாற்றை இளைஞர்களுக்காகச் சூசன் கேம்பெல் பார்ட்டலெட்டி எழுதிய நூல். ‘காஸ்ட்’. கடைசி இரண்டிலும் எந்த ஆபாசமும் இல்லை. அந்த மண்ணின் வரலாறு அவற்றில் இருக்கிறது.

2022இல் ஏழு வாசகர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 மார்ச் 30 அன்று மாவட்ட நீதிபதி ராபர்ட் பிட்மன், புத்தகங்களைத் திருப்பி வை என்று உத்தரவிட்டார். அடுத்து கவுண்டி நிர்வாகம் என்ன செய்தது என்பதை டங்கனின் தீர்ப்பைப் புகழ்கிறவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்று நூலகங்களையும் ஒரேயடியாக மூடிவிடலாமா என்று ஏப்ரலில் சிறப்புக் கூட்டம் போட்டது. ஊர் மக்கள் திரண்டு பேசிய பிறகே அந்த யோசனை கைவிடப்பட்டது. பதினேழு புத்தகங்கள் அலமாரிக்குத் திரும்புவதைவிட ஊரில் நூலகமே இல்லாமல் போவது மேல் என்று எண்ணிப் பார்த்த நிர்வாகத்தை, நல்ல நூல் எது என்று தேர்ந்தெடுக்கும் நிதானமான மேற்பார்வையாளராக அந்தத் தீர்ப்பு சித்தரிக்கிறது.

சரி, அந்த மூன்று யோசனைகளுக்கு வருகிறேன். வாங்கு, தருவி, இரவல் கேள்.

1964 மார்ச்சில் லூசியானாவின் கிளின்டன் என்ற சிற்றூரில், அதாவது இதே ஐந்தாம் வட்டத்தின் எல்லைக்குள், ஐந்து கறுப்பின ஆண்கள் பொது நூலகத்துக்குள் நுழைந்தார்கள். அவர்களில் ஒருவர் ஆர்னா போன்டெம்ப்ஸ் எழுதிய ‘தி ஸ்டோரி ஆஃப் தி நீக்ரோ’ என்ற நூலைக் கேட்டார். புத்தகம் இங்கே இல்லை, மாநில நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருகிறோம் என்று பதில் வந்தது. அவர்கள் போகவில்லை. அமைதியாக அங்கேயே நின்றார்கள், உட்கார்ந்தார்கள். காவல்துறை வந்து கைது செய்தது. அந்தப் பகுதியில் நடமாடும் நூலக வண்டிகள் இரண்டு ஓடின. சிவப்பு வண்டி வெள்ளையருக்கு, நீல வண்டி கறுப்பினத்தவருக்கு. கேட்ட நூல் பிறகு தபாலில் வந்தது. திருப்பித் தருவதாக இருந்தால் தபாலில் அனுப்பு, இல்லையேல் நீல வண்டியில் போடு என்பது ஏற்பாடு.

கவனியுங்கள். அங்கேயும் புத்தகத்தை யாரும் தடை செய்யவில்லை, எரிக்கவில்லை. புத்தகம் வீட்டுக்கே வந்துசேர்ந்தது. டங்கனின் அளவுகோலை வைத்தால் அந்த ஐந்து பேருக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால் 1966இல் உச்ச நீதிமன்றம் அவர்கள்மீதான தண்டனையை ரத்து செய்தது. வேறு வழியில் கிடைக்கும் புத்தகம், நூலகத்துக்குள் எல்லோரோடும் சமமாக நிற்கும் உரிமைக்கு ஈடாகாது என்பதை அந்த ஐந்து பேரும் அறிந்திருந்தார்கள். அறுபது ஆண்டுகள் கழித்து அதே வட்டாரத்தின் உயர்ந்த நீதிமன்றம் நீல வண்டிக்காரரின் பதிலைச் சட்டமாக எழுதி வைத்திருக்கிறது.

நண்பரிடம் இரவல் கேட்பதையும் ஒருவர் செய்து பார்த்திருக்கிறார். எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் 1920களில் மெம்ஃபிஸ் நகரில் வேலை பார்த்தபோது, பொது நூலகத்தில் கறுப்பின இளைஞர் புத்தகம் எடுக்க முடியாது. கூட வேலை செய்த ஒரு வெள்ளையரிடம் அவருடைய நூலக அட்டையை இரவல் வாங்கினார். அந்த மனிதர் எழுதியதுபோல் ஒரு சீட்டையும் தானே எழுதிக்கொண்டு போய், முதலாளிக்குப் புத்தகம் எடுக்க வந்த எடுபிடிப் பையனாக நடித்து, இதழாளர் மென்கெனின் நூல்களை வாங்கி வந்தார். நூலகர் சந்தேகமாகப் பார்த்தபோது தனக்குப் படிக்கவே தெரியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. பின்னாளில் ‘பிளாக் பாய்’ எழுதப்போகிற மனிதர், ஒரு புத்தகத்துக்காக, தான் எழுத்தறிவில்லாதவன் என்று சொல்லிக்கொண்டு நின்றார். இரவலுக்கு அவர் கொடுத்த விலை இது.

என் கதையும் இதில் உண்டு. எனக்குப் பதினைந்து வயது இருக்கும்போது எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் பெரியாரின் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ கண்ணில் பட்டது. மெல்லிய புத்தகம். வீட்டில் கேட்டால் வாங்கித் தர மாட்டார்கள். காசு மட்டும் காரணமில்லை. கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனால் பையைத் திறந்து பார்க்கிற வீடு. தோழிகளிடம் கேட்கலாமென்றால் அப்படி ஒரு புத்தகம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது, எனக்கும் அன்றுதான் தெரிந்தது. நான்கு மாலைகள், ரேக்குக்கும் சுவருக்கும் நடுவில் நின்றபடியே படித்து முடித்தேன். நூலகர் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தாவது மாலை அந்த இடத்தில் ஒரு ஸ்டூல் கிடந்தது. அந்த நான்கு நாளில் நான் படித்ததுதான் என் பிழைப்பையும் திருமணத்தையும் நானே தீர்மானிக்கும் தைரியத்தைக் கொடுத்தது. நீதிபதி டங்கன் சொல்லும் மூன்று வழிகளும் அன்றைக்கு எனக்கு அடைபட்டே இருந்தன. நூலகம் ஒன்று மட்டுமே திறந்திருந்தது.

வாங்கக் காசு வேண்டும். தருவிக்கக் கார்டும், பார்சலைப் பிரிக்காத வீடும் வேண்டும். இரவலுக்கு, அந்தப் புத்தகத்தை வைத்திருக்கிற, உன்னை நம்புகிற, உன் ரகசியத்தைக் காக்கிற ஒரு மனிதர் வேண்டும். இவை எதுவுமில்லாத ஆளுக்காகத்தான் ஊர் கூடி வரி கொடுத்து நூலகம் கட்டுகிறது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகம் போனது, கடைக்கு வர முடியாதவர்களைத் தேடித்தான். 1948இல் சென்னை மாகாணத்தில் நூலகச் சட்டம் வந்ததும், வீட்டு வரியோடு நாம் இன்றும் நூலக வரி கட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான். நூலகம் யாருக்காக ஏற்பட்டதோ அவரைப் பார்த்துக் கடைக்குப் போ என்று சொல்வதை நான் பதிலாக ஏற்க மாட்டேன். கையில் காசில்லாதவரை அலட்சியமாகத் தள்ளிவிடும் பேச்சு அது.

தீர்ப்பின் இரண்டாவது தூண் இதைவிடச் சாமர்த்தியமானது. எந்த நூலகமும் எல்லாப் புத்தகத்தையும் வாங்க முடியாது, தேர்ந்தெடுத்துத்தான் வாங்குகிறது. வாங்காமல் விடுவது தவறில்லை என்றால் வாங்கியதை எடுப்பது மட்டும் எப்படித் தவறாகும்? இதை நான் எளிதாகத் தள்ளவில்லை. நூலகங்கள் புத்தகங்களைக் கழிக்கத்தான் செய்கின்றன. பக்கம் கிழிந்தது, செல்லரித்தது, பழைய சட்டப் பதிப்பு, காலாவதியான மருத்துவக் குறிப்பு எல்லாம் போகத்தான் வேண்டும். டெக்சாஸ் மாநில நூலகமே இதற்கென்று ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது. தவறான தகவல் உள்ளதா, சிதைந்ததா, புதிய பதிப்பு வந்துவிட்டதா, யாரும் தொடாததா என்று பார்த்துப் பார்த்துக் கழிக்கச் சொல்கிறது. லானோ அதிகாரிகளும் அந்தக் கையேட்டின்படிதான் செய்தோம் என்றார்கள்.

‘காஸ்ட்’ வெளிவந்தது 2020 ஆகஸ்டில். எடுக்கப்பட்டது 2021இல். ஒரு வயதே ஆன புத்தகம் எப்படிக் காலாவதியானது? புகார்ப் பட்டியல் வந்த கையோடு, அந்தப் பட்டியலில் இருந்த புத்தகங்களுக்கு மட்டும் எப்படி முதுமை வந்தது? விசாரணை நீதிமன்றம் இதைத்தான் பார்த்தது. கழித்தல் என்பது சாக்கு, உள்ளடக்கத்தின்மேல் வெறுப்பே காரணம் என்று கண்டறிந்தது. டங்கன் இந்தக் கேள்விக்கே போகவில்லை. என்ன காரணத்துக்காக எடுத்திருந்தாலும் வாசகர் கேட்க முடியாது என்றார். அங்கேதான் அவருடைய வாதம் உடைகிறது. பணம் போதாமல் ஒரு நூலை வாங்காத நூலகர் எதையும் மறைக்கவில்லை. வாங்கி, எண் ஒட்டி, வாசகர் எடுத்துக்கொண்டிருந்த நூலை, அதில் சொல்லியிருப்பது பிடிக்கவில்லை என்று அதிகாரி பிடுங்கினால், அது மறைப்பு. இரண்டையும் பிரித்தறிவது காரணம். காரணத்தைப் பார்க்க மாட்டேன் என்கிற நீதிமன்றம் எதைத்தான் விசாரிக்கப் போகிறது?

மூன்றாவது வாதம்தான் எனக்கு மிகப் பெரிய அச்சத்தைத் தருகிறது. நூலகத்தில் எதை வைப்பது என்பது அரசின் பேச்சு, அரசு தான் பேச விரும்பாததைப் பேசாமல் இருக்கலாம் என்கிறது தீர்ப்பு. பெரும்பான்மையில் இருந்த பத்துப் பேரில்கூட எல்லோரும் இந்தப் பகுதியில் சேரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 2024இல் எட்டாம் வட்ட நீதிமன்றம் அயோவா மாநிலப் பள்ளி நூலகங்கள் தொடர்பான வழக்கில் இதே வாதத்தை நிராகரித்ததையும் சொல்ல வேண்டும். ஒரே அலமாரியில் பைபிளும் நாத்திக நூலும், மார்க்ஸும் அவரை மறுத்தவர்களும் இருக்கிறார்கள். இவையெல்லாம் அரசின் பேச்சென்றால் அரசு எதைத்தான் சொல்கிறது? எதையும் சொல்லவில்லை. பேசுகிறவர் எழுத்தாளர், கேட்கிறவர் வாசகர். அரசு அந்தக் கட்டடத்துக்குக் கூரை போட்டிருக்கிறது, அவ்வளவுதான். கூரை போட்டதற்காகப் பேச்சும் தன்னுடையது என்று அது உரிமை கொண்டாடினால், ஒவ்வொரு தேர்தல் முடிவுக்குப் பிறகும் அலமாரிகளைக் காலி செய்யலாம். இந்தத் தீர்ப்பில் அதைத் தடுக்க ஒரு வரி இல்லை.

இதற்கு டங்கன் தரப்பு ஒரு எதிர்க்கேள்வி வைத்திருக்கிறது. எடுப்பது தவறென்றால், நிறவெறியைப் பரப்பும் நூலையும் நூலகம் எடுக்கக் கூடாதல்லவா? ஆமாம். அது வெறுப்பூட்டும் நூல் என்ற ஒரே காரணத்துக்காக அதிகாரி எடுக்கச் சொன்னால், கூடாது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஹிட்லரின் தன்வரலாறும் நூலகத்தில் இருக்கட்டும். வில்கர்சனின் நூலைப் படித்துவிட்டு, அமெரிக்க இனச் சட்டங்களிலிருந்து நாஜிகள் என்ன கற்றார்கள் என்று தேடப்போகும் மாணவிக்கு அது வேண்டும். நம்மூரில் உடனே கேட்பார்கள்: “அம்பேத்கர் 1927இல் மகாடில் மனுஸ்மிருதியை எரிக்கவில்லையா?” எரித்தார். அதிகாரம் இல்லாத மனிதர்கள், தங்கள்மேல் அதிகாரம் செலுத்திய நூலின் பிரதியை ஊரறியத் தீயிட்ட போராட்டம் அது. அதே அம்பேத்கர் மனுவை வரி வரியாகப் படித்து, எடுத்துக்காட்டி, மறுத்து எழுதினார். தன் வீட்டைப் புத்தகங்களுக்காகவே கட்டிய மனிதர் அவர். வரிப்பணத்தில் வாங்கிய நூலை அதிகாரி சத்தமில்லாமல் அப்புறப்படுத்துவதோடு இதைச் சேர்த்துப் பேசுகிறவர்கள் அம்பேத்கரையும் படிக்கவில்லை, அவர் எதை எதிர்த்தார் என்றும் அறியவில்லை. யார் படிக்கலாம், யார் படிக்கக் கூடாது என்று மேலே இருப்பவர் தீர்மானிப்பதுதான் சாதியின் அடிப்படை வேலை. அதை விளக்கும் புத்தகத்தையே மேலே இருப்பவர்கள் லானோவில் எடுத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்துத் தீர்ப்பு ஒன்றை இங்கே நினைவுபடுத்த வேண்டும். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ வழக்கில் 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் சொன்னதன் சாரம்: படிப்பதா வேண்டாமா என்பது வாசகர் விருப்பம், பிடிக்கவில்லையென்றால் புத்தகத்தைத் தூக்கிப் போடு, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இரண்டு நீதிமன்றங்களும் வாசகரைப் பார்த்தே பேசுகின்றன. சென்னையில், மனம் புண்பட்டவரைப் பார்த்து நீ விலகிக்கொள் என்றார்கள். டெக்சாஸ் வழக்கில், படிக்க வந்தவரைப் பார்த்து நீ வேறெங்காவது போ என்கிறார்கள். ஐந்தாம் வட்டத்தின் பத்து நீதிபதிகளும் புண்பட்டவரின் வசதிக்காகப் படிப்பவரின் உரிமையைக் கைவிட்டார்கள். மறுப்புத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்டீபன் ஹிக்கின்சன், புத்தகம் எரிப்பவர்களோடு சேராதீர்கள் என்று 1953இல் அதிபர் ஐசன்ஹோவர் கேட்டுக்கொண்டதை நினைவூட்டி, இந்த நீதிமன்றம் அவர்களோடு சேருவதை ஏற்க மாட்டேன் என்றார். அந்த ஏழு பேர் பக்கமே நான் நிற்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. வழக்கு நடந்தபோது லானோ நிர்வாகம், அந்த 17 புத்தகங்களும் எங்களிடமே உள்ளன, கேட்டால் தருகிறோம் என்று வாதிட்டது. உண்மைதான். பிரதிகள் உள்ளே இருந்தன. அலமாரியில் இல்லை. நூற்பட்டியலில் இல்லை. இருப்பதாக எந்த அறிவிப்பும் இல்லை. பெயர் தெரிந்தவர் கவுன்ட்டரில் வந்து வாய்விட்டுக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

ராபி ஹாரிஸ் உயிரோடிருந்தவரை ஒரு சம்பவத்தைச் சொல்லி வந்தார். அமெரிக்காவின் இன்னொரு மாநிலத்தில், தாயோடு நூலகத்துக்கு வந்த சிறுமி ஒருத்தி அலமாரியில் ‘இட்ஸ் பெர்ஃபெக்ட்லி நார்மல்’ நூலைக் கண்டாள். எடுத்துப் புரட்டினாள். பாலியல் வன்கொடுமையைப் பற்றிய பகுதி வந்ததும் அம்மாவிடம் காட்டி, இது நான் என்றாள். அவளைச் சிதைத்துக்கொண்டிருந்தவர் அவளுடைய தந்தை. வழக்கு நடந்து அவர் தண்டிக்கப்பட்டார்.

அந்தக் குழந்தை லானோவில் இருந்திருந்தால் கவுன்ட்டரில் போய் எந்தப் புத்தகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டிருப்பாள்?